சொதிக்கு வேண்டிய நெருப்பு

பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வானமாமலையைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரைக் கம்பவுண்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக ஒருவர் தினமும் காலையில் செம்பூர் பஸ்ஸுக்கு நின்றால் வேறு என்னதான் நினைப்பது? தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களும் உண்டு. மனிதர் மறுத்துச் சொல்ல மாட்டார். வீட்டிலிருக்கும் சுக்கைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

உண்மையில் அவர் செம்பூரில் ஒரு சுவிஸ் கம்பெனிக்காரரின் பங்களாவில் பரிமாறும் பேரர். அதற்கு முன்னால் மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் சப்ளையர். அதற்கும் முன்னால் அதே ஓட்டலில் இலை எடுத்தவர். ஆக, அடுத்தவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த உடம்பு அது. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போடும் விதத்தில் அவர் பசியின் அளவு வானமாமலைக்குத் தெரிந்துவிடும். யாருக்கு உப்பு ஒரு கல் கூட வேண்டும், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அத்துப்படி. பங்களாத் துரை கொஞ்ச நாளாக இடது பக்கமாகவே மெல்லுகிறார் என்பதை முதலில் கவனித்ததும் இவர்தான். யாரிடமும் சொல்லாமல், ரொட்டியின் முரட்டு ஓரத்தை நறுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் துரையின் தட்டில் வைத்தார். துரைசானிக்கு அது தெரியவந்தபோது, “வானமாமலைக்கு என்னைவிட என் புருஷனைத் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தாளாம்.

அந்தத் துரைசானிதான் இவர் மனதில் நெருப்பைப் பற்றவைத்தவள். தப்பாக நினைக்க வேண்டாம், நிஜமான நெருப்பைத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துரையும் துரைசானியும் மேஜை நடுவில் ஒரு சிறிய பித்தளை விளக்கை வைத்து, அதன்மேல் சிவப்பு எனாமல் பாத்திரம் ஒன்றை ஏற்றுவார்கள். உருகிய சீஸ் அதில் குழம்பாகக் கிடக்கும். நீண்ட முள்ளில் ரொட்டித் துண்டைக் குத்தி, இரண்டு பேரும் அந்த ஒரே பாத்திரத்தில் தோய்த்துத் தோய்த்துத் தின்பார்கள். அதற்கு ஃபாண்ட்யூ என்று பேர். துரைசானியின் துண்டு பாத்திரத்துக்குள் விழுந்துவிட்டால் அவள் துரைக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் ஊரில் சட்டமாம். அந்த நேரத்தில் வானமாமலை சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். அந்த வீட்டில் தேதியை அவரைவிடச் சரியாக அறிந்தவர் எவரும் இல்லை.

முத்தம் கிடக்கட்டும். அவரை உறுத்தியது வேறு. அந்த ஒரு வேளையில் மட்டும் அவருக்கு வேலையே இல்லை. பாத்திரம் நடுவில் இருக்கிறது, அவரவர் எடுத்துக்கொள்கிறார்கள், பரிமாற ஆள் தேவையில்லை. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்ற வானமாமலைக்கு ஒரு நாள் திடீரென்று தோன்றியது: நம் பேராச்சி எப்படிச் சாப்பிடுவாள்?

யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறார்கள், பிள்ளை குட்டி என்று ஒன்றும் அமையவில்லை, ஒற்றை அறையில் இரண்டே பேர். இருந்தும் அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. அவர் தட்டுக்கு எதிரே கரண்டியோடு உட்கார்ந்திருப்பாள். அவர் கை கழுவப் பொதுக் குழாயடிக்குப் போய், பீடி ஒன்று குடித்துவிட்டு வருவதற்குள் அவளும் தின்று, பாத்திரத்தையும் ஒதுக்கிவிட்டிருப்பாள். “நீயும் உக்காரேன்ளா” என்று சொல்லிப் பார்க்காமல் இல்லை. “நீங்க சாப்பிடுங்க. நான் பொறவு சாப்பிடுதேன்” என்பாள். கல்யாணத்தன்று இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டார்கள்தான். அன்றைக்கு அவள் நிமிரவில்லை, இவருக்குத் திரும்பிப் பார்க்க வெட்கம். ஊரெல்லாம் தின்பதைப் பார்த்துச் சம்பளம் வாங்கிய மனிதருக்குத் தன் பெண்டாட்டி தின்பதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

துரைக்கு மாற்றலாகி, பங்களாவையும் வேலைக்காரர்களையும் அடுத்த துரைக்கு விட்டுவிட்டு அவர்கள் ஊருக்குப் புறப்பட்டபோது, துரைசானி அந்தப் பித்தளை விளக்கையும் சிவப்புப் பாத்திரத்தையும் முட்களையும் அட்டைப் பெட்டியில் வைத்து வானமாமலையிடம் கொடுத்தாள். மற்ற வேலைக்காரர்களுக்குப் போர்வையும் கடிகாரமும் கிடைத்தன. அவர்கள் இவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இவரோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

சீஸுக்கு எங்கே போவது? போனாலும் அதன் வாடைக்குப் பேராச்சி வீட்டை விட்டே ஓடிவிடுவாள். அவருக்குச் சந்தேகமே இல்லை, சொதிதான். தேங்காய்ப் பாலில் காயும் பாசிப்பருப்பும் போட்டு, இஞ்சிச் சாறு விட்டுத் திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதி. அதைப் பேராச்சி வைத்தால் பக்கத்து வீட்டுப் பூமாரி கிண்ணத்தோடு வந்து நின்றுவிடுவாள். சொதிக்கு ஒரு குணம் உண்டு. நெருப்பு அதிகமானால் பால் திரிந்துபோகும், குறைந்தால் ஆறி அடைமாதிரி கட்டிக்கொள்ளும். மெல்லிய சூட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். அந்தப் பித்தளை விளக்கைச் செய்தவன் சொதி சாப்பிட்டவனாகத்தான் இருக்க வேண்டும் என்று வானமாமலை முடிவுகட்டினார்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. விளக்கில் என்ன ஊற்றுவது?

பங்களாவில் ஊற்றியது ஸ்பிரிட். அது இவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாத சாமான். பேராச்சிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு அண்ணன், பிச்சை என்று பேர், தாராவியில் ஒரு பட்டறையில் மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடும் தொழில். பம்பாயில் மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த காலம். குடிக்க ஒன்றும் கிடைக்காத நாட்களில் பாலிஷில் கலக்கிற ஸ்பிரிட்டையே தண்ணீர் விட்டுக் குடிக்கப் பழகினான். ஒரு நாள் இவர்கள் வீட்டில் படுத்து எழுந்த காலையில், வெயில் முகத்தில் அடிக்கும்போது, “இன்னும் விடியலையாம்மா?” என்று தங்கச்சியிடம் கேட்டான். கண் போய்விட்டது. கொஞ்ச நாளில் ஆளும் போய்விட்டான். அன்று முதல் பேராச்சி ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்க வேண்டியிருக்கிறதே என்பதற்காகப் பம்ப் ஸ்டவ்வைக்கூடத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கரி போடும் சிகிடி அடுப்புக்குத் திரும்பிவிட்டாள். டாக்டர் ஊசி போடப் பஞ்சைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆகவே வானமாமலை ஸ்பிரிட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தேடினார்.

முதலில் ராக்கேல். பம்பாயில் மண்ணெண்ணெய்க்கு அதுதான் பேர். பற்றவைத்த மாத்திரத்தில் புகை கூரைக்கு ஏறியது. சிவப்புப் பாத்திரத்தின் அடி கறுத்தது, சொதியில் லாந்தர் வாடை அடித்தது. “வெளக்கு நல்லாத்தான் இருக்கு, மூஞ்சியக் கழுவுங்க” என்றாள் பேராச்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய் எண்ணெயில் தடித்த திரி போட்டார். திரி அழகாக எரிந்தது. சொதி மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் ஆறிப்போனது. இவர் எதற்காக இத்தனை பாடுபடுகிறார் என்று பேராச்சிக்கு விளங்கவில்லை. “ஒரு அடுப்பு போதாதா? அடுப்புக்குத் தம்பி ஒண்ணு வேணுமாக்கும்?” என்று கேட்டாள். காரணத்தைச் சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. உன்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கட்டின பெண்டாட்டியிடம் போய் எப்படிச் சொல்வது?

மூன்றாவதாக ஒரு யோசனை வந்தது. வந்தபோது, இது முன்னமே தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். கற்பூரம்! எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், ஸ்பிரிட் போலவே பற்றும். கேம்ப்பில் மளிகை வியாபாரம் செய்த பிரம்மநாயகம் கடையில் கட்டிக் கற்பூரம் வாங்கி வந்து விளக்கை நிரப்பினார். மேலே பாத்திரம், பாத்திரத்தில் சொதி, பக்கத்தில் இரண்டு முட்கள். நெருப்பு வைத்தார். ஜோராக எரிந்தது. “ஏளா, இங்க வந்து உக்காரு” என்று குரல் கொடுத்தார்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்த பேராச்சி, கற்பூரம் எரிவதைக் கண்டதும் இரண்டு உள்ளங்கைகளையும் சுடர்மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை தானாகச் செய்த வேலை அது. வாசலில் எட்டிப்பார்த்த பூமாரி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து அவளும் ஒற்றிக்கொண்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். “என்ன விசேஷம்க்கா?” என்று ஒருத்தி கேட்க, பேராச்சிக்கும் விசேஷம் என்னவென்று தெரியாததால், முருகன் படத்துக்கு ஒரு கரண்டி சொதி படைத்துவிட்டு மீதியை வந்தவர்களின் கிண்ணத்தில் ஊற்றினாள். கற்பூர வாடை அடித்த சொதியை எல்லாரும் பக்தியோடு குடித்தார்கள். வானமாமலையும் என்ன செய்வார்? எழுந்து நின்று, தானும் ஒருமுறை சுடரை ஒற்றிக்கொண்டார்.

வேறு வழி தெரியாமல் ஒரு சாயங்காலம் பிரம்மநாயகம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார். “அண்ணாச்சி, கொஞ்சம் ஸ்பிரிட் கெடைக்குமா?”

பிரம்மநாயகம் தராசைக் கீழே வைத்தார். “என்ன வே, வெளையாடுதீரா? பிச்சைக்குத் தங்கச்சி மாப்பிள்ளை நீரு. உமக்கு அதைக் குடுத்தா பேராச்சிப் பிள்ளை எங் கடைக்குத் தீ வச்சிரும். எடத்தக் காலி பண்ணும்.”

கடைசியில் செம்பூரில், பங்களாவுக்குச் சாமான் போடும் பெயின்ட் கடைக்காரர் இருமல் மருந்து பாட்டில் அளவுக்கு ஊற்றிக் கொடுத்தார். ஊதா நிறத்தில் இருந்தது. அதைச் செய்தித்தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஹவல்தார் ஒருவர் அதே பஸ்ஸில் ஏறியதும் வானமாமலைக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் அவர் பயந்தது ஹவல்தாருக்கு இல்லை, பேராச்சிக்கு. வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டியில், பாத்திரத்துக்குள் பாட்டிலை ஒளித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளை உட்காரவைத்து, நல்லபடியாக எடுத்துச் சொல்லி, அப்புறம் வெளியே எடுப்பதாகத் திட்டம். எடுத்துச் சொல்ல வேண்டியதை வாரம் முழுக்கப் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ரொட்டி வாங்க இரானி கடைக்குப் போனார். பேராச்சி தேங்காய் வாங்கப் பிரம்மநாயகம் கடைக்குப் போனாள். பிரம்மநாயகம் நல்லவர்தான். நல்லவர்களால் வாயை அடக்க முடிவதில்லை. “உங்க வீட்டுக்காரர் இங்க வந்து ஸ்பிரிட் கேட்டாரும்மா. பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டார்.

வானமாமலை கையில் ஓரம் கெட்டியான சூடான கடக் பாவ் ரொட்டிப் பொட்டலத்தோடு, மனதுக்குள் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தபடி வீட்டுக்குள் நுழைந்தார். சிகிடி அடுப்புக்குப் பக்கத்தில் சொதி மூடியிருந்தது. கை பழக்கத்தில் அதை வைத்து முடித்துவிட்டுத்தான் தேடியிருக்கிறாள். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஊதா பாட்டில்.

“வாய ஊதுங்க” என்றாள்.

பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் அவள் முன்னால் மண்டியிட்டு, முகத்துக்கு நேராக ஊதினார். பீடி வாடையும் இரானி கடைச் சாயாவும்தான் வந்திருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“இன்னைக்கு இல்ல. நாளைக்கு?” என்றாள். “எங்க அண்ணனும் ஒளிச்சுத்தான் வச்சான். நம்ம அரிசிப் பானைக்குள்ள வச்சான். நான் பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்துட்டேன். அதான் நான் செஞ்ச தப்பு.”

அண்ணன் போன இத்தனை வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை.

“இது குடிக்க இல்லளா. சொதிக்கு.”

“சொதிக்கு ஸ்பிரிட்டா?”

“அந்த வெளக்குக்கு. சொதி ஆறாம இருக்கணும். ஆறாம இருந்தா, நீ எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி சுட வைக்க வேண்டாம். பரிமாறவும் வேண்டாம். நடுவுல வச்சுட்டு நீயும் நானும் ஒண்ணா உக்காந்து…” தரையைப் பார்த்துக்கொண்டு முடித்தார். “நீ சாப்பிட்டு நான் பாத்ததே இல்லளா.”

பேராச்சி அவரையே பார்த்தாள். “இதுக்கா?”

“ஆமா.”

“இதுக்கா ராக்கேலும் கற்பூரமும்? ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா?”

“சொன்னா உக்காருவியா?”

அவள் கொஞ்சம் யோசித்து, உள்ளதைச் சொன்னாள். “உக்கார மாட்டேன்.”

வானமாமலை தலையை ஆட்டினார். பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டு, சிவப்புப் பாத்திரத்தைப் பரண்மேல் போட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். ஒரு வேளைச் சோற்றை ஒன்றாகத் தின்பதற்காக அவளை அழவைப்பதா? அந்த ஆசையே அவருக்கு இப்போது அவமானமாக இருந்தது.

“கொட்டாதீங்க” என்றாள் பேராச்சி.

அவர் திரும்பினார்.

“கொட்டுனா எனக்கு மனசு ஆறாது. எரிங்க. ஒரு சொட்டு விடாம எல்லாத்தையும் எரிங்க. எங் கண்ணு முன்னால எரியணும். நான் உக்காந்து பாக்கணும்.”

அவர் பித்தளை விளக்கைத் தரையில் வைத்து, நிரப்பி, தீக்குச்சியைக் காட்டினார். சத்தமில்லாமல் பற்றியது. புகை இல்லை. பட்டப்பகலில் சுடர் இருப்பதே தெரியவில்லை. பேராச்சி குனிந்து தேடினாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்ததும், அரை இருட்டில் விளக்கின் வாயைச் சுற்றி நீலமாக அது எரிந்துகொண்டிருந்தது. அவள் விளக்குக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முடிகிறவரை எழுந்திருக்கப்போவதில்லை என்பது அந்த உட்காரலில் தெரிந்தது.

“சூடு சும்மாப் போகுதே” என்றாள் சற்று நேரம் கழித்து. குடும்பப் பெண் அல்லவா. அவளே சொதியைச் சிவப்புப் பாத்திரத்தில் ஊற்றி விளக்கின்மேல் வைத்தாள்.

சொதி திரியவில்லை, ஆறவும் இல்லை. இழையாக ஆவி எழும்ப, சின்னச் சின்னதாக முணுமுணுத்துக்கொண்டு கிடந்தது. வானமாமலை ரொட்டியைப் பிய்த்து ஒரு முள்ளில் குத்தித் தோய்த்து அவளிடம் நீட்டினார். சுடரிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த துண்டை அவளே தோய்த்தாள். முள் பிடித்துப் பழகாத கை, துண்டு வழுக்கிச் சொதிக்குள் விழுந்துவிட்டது. வானமாமலைக்குச் சிரிப்பு வந்தது.

“என்ன?”

“இல்ல, துண்டு உள்ள விழுந்தா தொரைசானி ஊர்ல ஒரு தண்டனை உண்டு.”

“என்ன தண்டனை?”

“ஒண்ணுமில்ல. தின்னு” என்றார், காதெல்லாம் சிவக்க. பேராச்சி அவர் காதைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாளோ, தலையைக் குனிந்துகொண்டாள்.

முதல் தடவை ஊற்றியது எரிந்து அடங்கியது. சூட்டோடு மறுபடி ஊற்றக் கூடாது என்று துரைசானி சொல்லியிருந்தாள். விளக்கு ஆறும்வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். “அண்ணனுக்குச் சொதின்னா உசிரு” என்றாள் பேராச்சி. “ஆமா, எம் பங்கையும் சேத்துல்லா குடிப்பான்” என்றார் வானமாமலை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு பாட்டிலை அவளே எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், மிச்சத்தையெல்லாம் விளக்கில் ஊற்றினாள். அவர் குச்சி கிழித்தார்.

நீலச் சுடர் மறுபடி எழும்பியபோதுதான் அவர் நிதானமாக அவளைப் பார்த்தார். தொழில் கண் அது, வேண்டாமென்றாலும் பார்க்கும். சின்ன வாயாக எடுக்கிறாள். உறைப்பு பட்டால் இடது புருவம் ஏறுகிறது. ரொட்டியின் கடினமான ஓரத்தைக் கொஞ்சநேரம் சொதியில் ஊறப் போட்டுவிட்டு, வாயில் போட்டதும் இடது பக்கமாக ஒதுக்குகிறாள். அடுத்த வாயும் இடது பக்கம். அதற்கடுத்ததும்.

“வலப் பக்கம் என்னளா?”

“பல்லு” என்றாள், மென்றுகொண்டே. “கடிக்க ஏலாது. அது ஆச்சு, அண்ணன் போறதுக்கு முன்னால இருந்தே அப்படித்தான்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே!”

“நான் தின்னு நீங்க எப்பம் பாத்தீங்க?”

அவள் குறையாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவரைக் குத்தியது. துரையின் பல்லுக்கு ஓரம் நறுக்கிய கை மடியில் கிடந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொதி ஆவியின்மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார்.

விளக்கு ஒருமுறை படபடத்து அணைந்தது. பேராச்சி காலி பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு சொட்டும் விழவில்லை. பாத்திரத்தில் சொதி இன்னும் பாதி இருந்தது.

“அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி வாங்குவோம்” என்றாள். “ஆனா நானும் கூட வருவேன். பாட்டில நாந்தான் தூக்கிட்டு வருவேன். வாங்குனது அத்தனையும் எங் கண்ணு முன்னால எரியணும்.”

“சரி.”

“சூடு இருக்கு இன்னும். சாப்பிடுங்க” என்று சொன்னவள், எழுந்திருக்காமல் தன் முள்ளை எடுத்துக்கொண்டாள்.

வானமாமலை ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மெத்தென்ற நடுப்பகுதியை அவள் முள்ளில் குத்திக் கொடுத்தார்.